பலூன் சோதனையின் மூலம் இடர் ஏற்கும் இயல்பை அளப்பது எப்படி?

ஆபத்துக்கு அஞ்சாதவர் என்று வினாத்தாளில் தம்மைக் குறித்துக்கொள்பவர், காசு கைநழுவிப் போகக்கூடிய வேளையில் என்ன செய்கிறார் என்பதை நேரில் காண்பதற்காக, அமெரிக்க உளவியலாளர் லெஜுவேஸ் குழுவினர் 2002இல், திரையில் தெரியும் பலூனைச் சொடுக்கிச் சொடுக்கி ஊதிப் பணம் சேர்க்கும் பலூன் சோதனையை வெளியிட்டனர்.

முதலில் கணினியில் 30 பலூன்களை அமையுங்கள். ஒவ்வொரு பலூனுக்கும் 1 முதல் 128 வரையிலான எண்களைக் கலைத்துப்போட்டு, பங்கேற்பவர் ஊதும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் எண்ணாக, எடுத்ததைத் திரும்பப் போடாமல் கணினி எடுத்துவர வேண்டும். 1 வந்ததும் பலூன் வெடிக்கும். பங்கேற்பவர்களுக்கு இடையிலான வேறுபாடு அதிர்ஷ்டத்தால் வந்ததாக இருக்கக் கூடாது என்பதால், வெடிக்கும் இடங்களின் வரிசையை எல்லோருக்கும் ஒன்றாகவே வைப்பது நல்லது.

அடுத்து விதியை விளக்குங்கள். ஒவ்வொரு முறை ஊதும்போதும் ஒரு சிறு தொகை, மூலச் சோதனையில் 5 சென்ட், தற்காலிகக் கணக்கில் சேரும். விரும்பும்போது அதை நிரந்தரக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் வெடித்தால் அந்தப் பலூனில் சேர்த்தது முழுவதும் போய்விடும். எப்போது வெடிக்கும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். சேர்ந்த பணத்தை இறுதியில் உண்மையாகவே கொடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் கணக்கிடும்போதுதான் புதியவர்கள் தவறுகிறார்கள். வெடித்த பலூனில் அவர் எதுவரை ஊத எண்ணியிருந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே வெடிக்காதவற்றின் சராசரியை மட்டும் எடுக்க வேண்டும். 20, 30, 40 முறை ஊதியவை தப்பி, 35, 12 என்ற எண்ணிக்கையில் இரண்டு வெடித்திருந்தால், மதிப்பெண் 30. ஊதும் எண்ணிக்கை 64ஆக இருக்கும்போதே எதிர்பார்க்கும் வருவாய் உச்சத்தை எட்டுகிறது என்றாலும், பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தச் சராசரியிலும் ஒரு குறை உண்டு: துணிந்து ஊதுபவரின் பெரிய பலூன்களே அதிகம் வெடிப்பதால், அவருடைய மதிப்பெண் உள்ளதைவிடக் குறைந்து தோன்றும். எத்தனை முறை ஊத வேண்டும் என்பதை முன்கூட்டியே தட்டச்சு செய்யச் சொல்லும் 2008ஆம் ஆண்டு வடிவம் இதைச் சரிசெய்கிறது.

கிடைத்த எண்ணை உடனே ஒருவரின் குணமாக எழுதிவிட வேண்டாம். 1,507 பேரிடம் 39 அளவீடுகளை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஆய்வகச் சோதனைகள் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. ஆகவே மதிப்பெண் நிலையானதா என்று பார்க்க, சில வாரங்கள் கழித்து அதே நபர்களை மீண்டும் அழைத்து, இரு மதிப்பெண் வரிசைகளுக்கும் இடையிலான ஒட்டுறவை, அதாவது அவை எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் கணக்கிட்டு, அதையும் அறிக்கையில் சேருங்கள்.