கம்பெனியின் லாபத்தைப் பார்க்கும்போது அது வேறொரு கம்பெனியில் வைத்திருக்கும் சிறுபங்கை எப்படி மதிப்பிடுவது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் அல்ட்ராமரைன் அண்ட் பிக்மென்ட்ஸ், திருமலை கெமிக்கல்ஸ் இரண்டுக்கும் ஆலை இருக்கிறது. முதல் கம்பெனி இரண்டாவதன் பங்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை நெடுநாளாக வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கம்பெனியை வெறும் பி.இ. (சந்தை மதிப்பை நிகர லாபத்தால் வகுத்தால் வருவது) பார்த்து எடை போட்டால் கணக்கு தப்பும்.

ஏன்? ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். கடைக்கு வருஷ லாபம் 10 லட்சம். 2 லட்சத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியில் வாணியம்பாடியில் கிளை போடுகிறார்கள். உங்கள் கைக்கு வந்தது 40,000. உங்கள் பங்குக்கு உண்டான லாபமோ 2 லட்சம்.

முதலில் ஆண்டறிக்கையில் முதலீடுகள் பற்றிய குறிப்பைத் திறந்து சதவீதத்தைப் பாருங்கள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக அது அசோசியேட், அதாவது இணை நிறுவனம்; கன்சாலிடேட்டட் (ஒருங்கிணைந்த) கணக்கில் உங்கள் பங்கு லாபமான அந்த 2 லட்சம் முழுசாக ஒரே வரியில் வரும். அதற்குக் கீழே என்றால் கைக்கு வந்த 40,000, அதாவது டிவிடெண்ட், மட்டும்தான் வருமானம். 19.9-க்கும் 20-க்கும் சொத்தில் பெரிய வித்தியாசமில்லை, காட்டும் லாபத்தில் மட்டும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! பங்கு விலை ஏறியதையும் சில கம்பெனிகள் லாப நட்டக் கணக்கிலேயே காட்டும். அது தொழிலில் வந்த பணமில்லை, கழித்துவிடுங்கள்.

அடுத்து, தொழிலையும் முதலீட்டையும் பிரியுங்கள். கற்பனையாக ஒரு கம்பெனி: சந்தை மதிப்பு 1,000 கோடி, நிகர லாபம் 60 கோடி. பி.இ. 16.7. அந்த 60-இல் 5 கோடி, வரி போக வந்த டிவிடெண்ட். கையிலிருக்கும் பங்குகளின் சந்தை விலை 400 கோடி.

1,000-இல் 400 போக 600. லாபம் 60-இல் 5 போக 55. தொழிலின் பி.இ. சுமார் 10.9.

இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள்: 400-ஐக் கழித்துவிட்டு அந்த 5-ஐக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். ஒரே சொத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அசோசியேட் என்றால் கணக்கில் காட்டிய லாபப் பங்கை முழுசாக எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், 400 கோடியை அப்படியே நம்பாதீர்கள். விற்றால் வரி உண்டு. புரொமோட்டர் குடும்பம் விற்கவே போவதில்லை என்றால் அந்தப் பணம் நம் கைக்கு வராது. நான் 30 சதவீதம் குறைத்து 280 என்று வைப்பேன். அப்போது 720-ஐ 55-ஆல் வகுத்தால் 13.1. விலை மலிவா இல்லையா என்பதை 10.9-ஐ வைத்து முடிவு செய்யாமல், இந்த 13.1-ஐ வைத்துப் பாருங்கள்.