செம்பருத்தியின் சூல்முடி தெளிவாக விழ: தொடக்கநிலைக் கேமராவில் பூக்களை அருகிலிருந்து படமெடுத்தல்

பூவை அருகில் சென்று எடுத்த படம் மங்கலாக வந்துவிட்டால் பெரும்பாலோர் முதலில் குறை சொல்வது கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸைத்தான். மாம்பலத்தில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தியை ஒரு மாதம் விடாமல் எடுத்தும் ஒரு படம்கூடத் தேறாதபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னர் அதே 18-55 மி.மீ. லென்ஸில், செம்பருத்தியின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து சிவந்த சூல்முடிகளும், அவற்றுக்குக் கீழே மஞ்சள் பொடியாக ஒட்டியிருக்கும் மகரந்தமும் தனித்தனியாகத் தெரியும்படி எடுக்க முடிந்தது. லென்ஸை மாற்றவில்லை; நின்ற இடத்தையும் கேமராவைப் பிடித்த கோணத்தையும்தான் மாற்றினேன்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்று ஒன்று உண்டு. அதைவிட நெருங்கினால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் படம் தெளியாது. தொடக்கநிலைக் கேமராக்களுடன் வரும் 18-55 லென்ஸ்கள் பலவற்றில் இது 25 செ.மீ. அளவில் இருக்கும், உங்கள் லென்ஸின் அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இந்தத் தூரம் லென்ஸின் முகப்பிலிருந்து அளக்கப்படுவதில்லை. கேமராவின் மேற்புறத்தில், வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டதுபோல் இருக்கும் குறிதான் சென்சார், அதாவது படம் பதியும் தகடு, இருக்கும் இடம். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. ஆகவே லென்ஸுக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி இருந்தாலே போதுமானது. லென்ஸை 55 மி.மீ. வரை முழுதாக நீட்டி அந்தத் தூரத்தில் நின்றால், ஏறத்தாழ 6 அல்லது 7 செ.மீ. அகலமுள்ள பரப்பு படச் சட்டத்தை நிறைக்கும். சிறிய பாக்கெட் கேமரா வைத்திருப்பவர்கள் பூச்சின்னம் போட்ட மேக்ரோ முறையைத் தேர்ந்து, ஜூம் செய்யாமல் நெருங்க வேண்டும். பெரும்பாலான சிறு கேமராக்கள் ஜூம் செய்தால் அவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யாது.

தூரம் சரியான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இவ்வளவு அருகில், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் (எண் கூடக்கூடத் துளை சிறியதாகும்) படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 மி.மீ. மட்டுமே, ஓர் அரிசியின் நீளம்கூட இல்லை. செம்பருத்தியின் நடுத்தண்டோ சில சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை நேர் எதிரே நின்று எடுத்தால் சூல்முடி தெளிந்து இதழ் கலங்கும், அல்லது இதழ் தெளிந்து சூல்முடி கலங்கும். நான் ஒரு மாதம் செய்த தவறு இதுவே. பூவின் பக்கவாட்டுக்கு வந்து, கேமராவின் முதுகு அந்தத் தண்டுக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால், தண்டு முழுவதும் அந்த 4 மி.மீ. ஆழத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். நந்தியாவட்டை, இட்லிப்பூ போன்று ஓரளவு தட்டையாக விரியும் பூக்களை இதே காரணத்தால் நேர் மேலிருந்து எடுக்கலாம். படம் எடுப்பதற்கு முன், இந்தப் பூவில் எது கட்டாயம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் முடிவு செய்துகொள்ளுங்கள். அபர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கி எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை நின்றுகொள்வது நல்லது.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல், ஒற்றைப் புள்ளியாக மாற்றி நீங்களே சூல்முடியின் மேல் வையுங்கள். இதைவிட நான் நம்புவது வேறொரு முறையை. லென்ஸைக் கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றி, வளையத்தை மிக அருகிலான தூரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, உடலை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து, பூ தெளியும் நொடியில் தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் எடுத்தால் அவற்றில் ஒன்றாவது கூர்மையாக இருக்கும். முக்காலி இருந்தால், காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்திப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தைத் திருப்பலாம். அப்போது 2 நொடி டைமரை வைத்தால் விரல் அழுத்தும் அதிர்வும் படத்தில் சேராது.

அடுத்த எதிரி காற்று. சென்னையில் பகல் ஏறியதும் கடற்காற்று எழுந்துவிட்டால் மாடித் தொட்டிகளில் ஒரு பூவும் நிலையாக நிற்காது. ஆகையால் சூரியன் உதித்த முதல் ஒன்றரை மணி நேரத்தை நான் வேறு எதற்கும் கொடுப்பதில்லை. அப்போதும் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காக, கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 800 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். சிறிது புள்ளி விழுந்த கூர்மையான படம், வழவழப்பான மங்கல் படத்தைவிட மேலானது. ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஊன்றி, துணி கிளிப்பால் காம்பை அதோடு மெதுவாகப் பிடித்து வைப்பதும் பெரிதும் உதவும். செம்மொழிப் பூங்கா போன்ற பொது இடங்களில் இப்படிச் செடியைத் தொடாதீர்கள். அங்கே கேமராவுக்கோ முக்காலிக்கோ தனி அனுமதி தேவையா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஃபோகஸ் சரியாக இருந்தும் செம்பருத்தி சில சமயம் சிவப்புச் சாயம் கொட்டியதுபோல நரம்புகள் இல்லாமல் விழும். சிவப்பு நிறம் மட்டும் அளவுக்கு மீறிப் பதிவானதால் இதழின் நுண்கோடுகள் அழிந்துபோகின்றன, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, 0.7 அல்லது 1 அளவு குறைத்தால் அவை திரும்பி வரும். மல்லிகைக்கும் நந்தியாவட்டைக்கும் இதற்கு நேர்மாறாக, இதழின் வெண்மை சாம்பலாகிவிடாதபடி சற்றுக் கூட்ட வேண்டும். நேர் வெயிலில் குடையை விரித்து நிழல் செய்து, மறுபக்கத்தில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்தால் நிழல் பகுதியிலும் ஒளி பரவும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் இவ்வளவு அருகில் உதவாது, ஏனெனில் லென்ஸின் நிழலே பூவின் மேல் விழும். பூவின் மேல் தண்ணீர் தெளித்து எடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மகரந்தம் நனைந்து ஒட்டிக்கொண்டால், அருகில் சென்று பார்க்க வந்ததே போய்விடும்.

ஏ.சி. அறையில் இருந்த கேமராவை நம் ஊர்ப் புழுக்கத்துக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். அதைத் துடைக்க முயலாமல், அறையிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் மூடி வெளியே எடுத்து வந்து, அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறங்கள்.

இன்னும் நெருங்க வேண்டும் என்று தோன்றினால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் எக்ஸ்டென்ஷன் குழாயை வாங்கலாம். மின் இணைப்பு முனைகள் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அவை இல்லாத மலிவான குழாய்களில், வளையத்தால் அபர்ச்சரை மாற்ற இயலாத இன்றைய லென்ஸ்களின் அபர்ச்சரைக் கேமராவிலிருந்து கட்டுப்படுத்த முடியாது.

எடுத்த படத்தைச் செடிக்கு அருகில் நின்றபடியே திரையில் முழுதாகப் பெரிதாக்கி, சூல்முடியின் விளிம்பைப் பாருங்கள். காலையில் விரிந்த செம்பருத்தி பெரும்பாலும் அன்று மாலைக்குள் சுருண்டுவிடும்; மங்கல் என்று கண்டால் அப்போதே மறுபடியும் குனிந்து எடுக்க வேண்டும்.