வீட்டில் பாஸ்தா ஷீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்லிய தகடாகத் தேய்த்த பாஸ்தா மாவுதான் பாஸ்தா ஷீட். அதைச் செய்யக் கற்றுக்கொள்ள என்னிடம் வருபவர்கள் புதிய தவறு எதையும் கண்டுபிடிப்பதில்லை. என் ஆரம்ப காலத் தவறுகளையே அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு செய்கிறார்கள். முட்டை ஓடு மாவில் விழுவது, தண்ணீர் கொதிக்கும் முன்பே ஷீட்டைப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்போவது இத்தாலியின் பொலோன்யா நகரத்து வீடுகளில் தேய்க்கப்படும் முட்டைப் பாஸ்தாவைப் பற்றி. மைதா போன்ற சுத்திகரித்த கோதுமை மாவும் முட்டையும் தவிர அதில் வேறு எதுவும் சேராது.

மாவு உதிர்கிறது என்று தண்ணீர் சேர்ப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். முட்டையை ஊற்றிக் கலந்த முதல் சில நிமிடங்களில் மாவு கட்டி கட்டியாக, ஓரமெல்லாம் உதிர்ந்து, ஒன்றுசேரவே சேராது என்பதுபோல் கிடக்கும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நான் அடுத்த மேசைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒருவர் குழாயில் கை நனைத்து வந்து பிசைந்துகொண்டிருந்தார். கேட்டபோது, "கையை மட்டும்தான் நனைச்சேன், தண்ணி ஊத்தலை" என்றார். இரண்டு உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் ஒட்டிவரும் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவுக்கு வந்துவிடும். 200 கிராம் மாவுக்கு மொத்த ஈரமே 110 கிராம் முட்டைதான் என்னும்போது அந்த ஒரு தேக்கரண்டி சின்ன விஷயம் அல்ல.

அவருடைய மாவு அடுத்த ஐந்து நிமிடத்தில் மென்மையாகி, பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைத் தேய்க்கும் பாஸ்தா மெஷினில் விட்டதும்தான் வினை ஆரம்பித்தது. ஷீட் உருளையில் ஒட்டிச் சுருண்டு உள்ளே போனது. ஒட்டாமலிருக்க மைதாவை அள்ளித் தூவினார். தூவிய மைதாவை ஈரமான ஷீட் உறிஞ்சிக்கொள்ள, மறுபடியும் ஒட்டியது. கடைசியில் வந்த ஷீட்டை வேகவைத்தபோது மேலே ஒட்டியிருந்த பச்சை மாவு கரைந்து, தண்ணீர் கஞ்சிபோல் நுரைத்துப் பொங்கியது. ஷீட் வழவழவென்று ஆகிவிட்டதால் சாஸ் அதில் நிற்காமல் வழுக்கியது. மெஷின் இடுக்கில் காய்ந்துபோன மாவைத் தீக்குச்சியால் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று.

உதிர்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நேரம். மாவு ஈரத்தை உள்வாங்க அவகாசம் வேண்டும். பத்து நிமிடம் விடாமல் பிசைந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் (கிளிங் ஃபிலிம்) சுற்றியோ கிண்ணத்தால் கவிழ்த்து மூடியோ அரை மணி நேரம் வைத்தால், கல்போல் இருந்த உருண்டை தானாக இளகும்; பிசையும்போது இறுகிய குளூட்டனும் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) அந்த இடைவெளியில் தளர்வதால் தேய்க்கும்போது ஷீட் பின்னுக்கு இழுக்காது. ஈரத்துணி போட்டு மூடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் துணியின் ஈரம் மேற்புறத்தைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

இரண்டாவது காரணம் முட்டையின் அளவு. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது பொலோன்யாக் கணக்கு. ஆனால் ஐரோப்பாவில் நடுத்தர முட்டை என்பதே ஓட்டோடு 53 முதல் 63 கிராம் வரை இருக்கும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதைவிடச் சிறியது. 50 கிராம் முட்டையை உடைத்தால் உள்ளே 45 கிராம்கூடத் தேறாது. எனவே முட்டையை எண்ணிப் போடாமல் எடை போட்டு ஊற்றுங்கள்: 100 கிராம் மாவுக்கு ஓடு நீக்கிய முட்டை 55 கிராம். குறைந்தால் இன்னொரு முட்டையை அடித்து அதிலிருந்து தேவையான அளவு ஊற்றலாம். வேகும்போது முட்டையின் புரதம் உறைந்துதான் ஷீட்டுக்கு உறுதி வருகிறது. தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

மாவு உண்மையிலேயே இளகிவிட்டால், ஊறவைக்கும் முன்பே, பலகையில் சிறிது மாவைப் போட்டுப் பிசைந்து சேர்த்துவிடுங்கள். மெஷின் வாயில் தூவிச் சரிக்கட்ட முயல்வது வீண்.

விலை உயர்ந்த மாவைத் தேடி அலைவது

இத்தாலிய '00' மாவு கிடைக்கவில்லை என்று வேலையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அந்த எண் மாவு எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதைத்தான் குறிக்கிறது: எரித்தபின் எஞ்சும் சாம்பல் 0.55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. புரதத்துக்கு 9 சதவீதம் என்ற குறைந்தபட்ச வரம்பு மட்டுமே உண்டு. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 10 அல்லது 11 கிராம் புரதம் என்று போட்டிருக்கும் நல்ல மைதா இந்த வேலைக்குப் போதும்.

நிறத்துக்கு மஞ்சள்தூள்

வேண்டாம். மஞ்சள் கருவின் நிறம் கோழி தின்ற தீவனத்திலிருந்து வருவது. வெளிர் முட்டையென்றால் வெளிர் ஷீட்.

மாவில் எண்ணெய்

தேவையில்லை. வேகவைக்கும் தண்ணீரிலும் தேவையில்லை. அதில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு போடுங்கள், போதும்.

மெஷினில் படி தாண்டுவது

உருளைகளின் இடைவெளி மிக அகலமாக இருக்கும்போதே மாவை மூன்றாக மடித்து நான்கைந்து முறை விட வேண்டும். மேற்புறம் வழவழப்பாகி, ஓரங்கள் நேராகும் வரை இது நடக்கட்டும். அதன் பிறகு ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். இரண்டு படி தாண்டினால் ஷீட் கிழியும். எவ்வளவு மெல்லிசாக என்பதற்குப் பொலோன்யாக்காரர்கள் சொல்லும் அளவு ஒன்று உண்டு: தேய்த்த ஷீட்டைத் தூக்கிப் பிடித்தால், அதன் வழியே ஊருக்கு மேல் குன்றிலிருக்கும் சான் லூக்கா தேவாலயம் தெரிய வேண்டும். கட்டையால் தேய்ப்பவர்களின் பெருமை அது. ஷீட்டையும் சாஸையும் அடுக்கடுக்காக வைத்து வேகவைக்கும் லசான்யாவுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தாலே நிறுத்திக்கொள்ளலாம்.

தேய்த்த உடனே நறுக்குவது

அந்த ஊர் வணிக சபையில், ரிப்பன்போல் நறுக்கும் தல்யதெல்லே பாஸ்தா வெந்தபின் இருக்க வேண்டிய அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் பதிந்துவைத்திருக்கிறார்கள். அந்த அகலத்தைக் கத்தியால் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும், ஷீட் ஈரமாக இருந்தால் கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிவிடும். தொட்டால் ஒட்டாமலும், மடித்தால் உடையாமலும் இருக்கும் பதம் வரும்வரை துணியில் விரித்துவையுங்கள். கடலோர ஊர்களின் மழைக்கால ஈரத்தில் இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நறுக்கியபின் தூவ ரவையோ அரிசி மாவோ நல்லது. மைதா மறுபடியும் பசையாகும்.

அடுக்கி ஃபிரிட்ஜில் வைப்பது

காலையில் எடுக்கும்போது ஒரே கட்டியாக, ஓரங்கள் சாம்பல் பூத்து இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டில் பரப்பி ஃபிரீசரில் இறுகவிட்டு, பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும். பச்சை முட்டை சேர்ந்த ஷீட்டை நம் வெப்பத்தில் நாள்கணக்கில் வெளியே காயப்போடுவது ஆபத்து.

மெஷினைக் கழுவுவது

துருப்பிடிக்கும். காய்ந்த தூரிகையால் துடைத்தால் போதும்.

பெட்டி ஷீட்டுக்குப் புது ஷீட்டின் குறிப்பைப் பின்பற்றுவது

இத்தாலியில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் புது ஷீட் இங்கே எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் கிடைப்பது பெட்டியில் வரும் காய்ந்த லசான்யா ஷீட். அது மட்டமான சரக்கு அல்ல, வேறு சரக்கு. 1967 முதலே இத்தாலியச் சட்டப்படி காய்ந்த பாஸ்தா துரும் என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையில்தான் செய்யப்பட வேண்டும். அது வேக அதிக நேரமும் அதிக ஈரமும் கேட்கும். புது ஷீட்டைக் கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் ஒற்றி அடுக்கிவிடலாம். முன்கூட்டி வேகவைக்க வேண்டாம் என்று அச்சிட்ட பெட்டி ஷீட்டை புது ஷீட்டின் குறிப்பின்படி அடுக்கினால், அது சாஸின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு நடுவில் விறைப்பாகவே நிற்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு வெள்ளை சாஸை ஊற்றும் பதத்துக்குப் பால் விட்டுத் தளர்த்தி, ஓரங்கள் உட்பட ஷீட் முழுவதும் மூழ்கும்படி பரப்பி, ஓவனில் முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் இறுக மூடி வையுங்கள்.