குளிருக்கு முதலில் வாங்க வேண்டியது பெரிய கோட்டு அன்று

காலையில் விரல் விறைக்கும் குளிர், பத்து மணிக்கு நல்ல வெயில், பிற்பகலில் காற்றோடு தூறல், இருட்டியதும் மறுபடி குளிர் என்று ஒரே நாளுக்குள் வானிலை நான்கு முறை மாறும் நாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வசிப்பிடப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பெயர் கொடுப்பது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். அவற்றுக்கான வழிமுறைகளை அந்தந்த அலுவலகமே எழுத்தில் தந்துவிடும். உடையைப் பற்றித்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. "நல்ல கனமான கோட்டு ஒன்று வாங்கிக்கொள், அது போதும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு வரியை நம்பியதற்கு, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே விலை கொடுத்தேன்.

முழங்கால் வரை நீண்ட, இறகு அடைத்த கோட்டு அது. கையிருப்பில் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டுவிட்டதால், உள்ளே அணிவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் பனியனும் முழுக்கைச் சட்டையும் ஜீன்ஸும் போதும் என்று இருந்துவிட்டேன். முதல் நாள் காலை நிலையத்துக்கு இருபது நிமிடம் விரைந்து நடந்தேன். ரயிலுக்குள் சூடேற்றியிருந்தார்கள், கூட்டத்தில் கோட்டைக் கழற்றவும் இடமில்லை, கழற்றினால் வைக்கவும் இடமில்லை. இறங்கும்போது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மேடையில் காற்று அடித்ததும், தோள்பட்டைகளுக்கு நடுவே ஈரத்துண்டை விரித்தது போலக் குளிர் இறங்கியது. அவ்வளவு கனமான கோட்டுக்குள் நின்றுகொண்டே நடுங்கினேன். மாலையில் வீடு திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் கோட்டின் தோள்பகுதி நனைந்து, உள்ளிருந்த இறகு ஒவ்வொரு தையல் அறையின் அடியிலும் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. நாற்காலியின் மேல் விரித்துப் போட்ட கோட்டு காய்வதற்கு மூன்று நாட்கள் ஆயின. என்னிடம் வேறு கோட்டு இல்லை. அந்த மூன்று நாட்களும் இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதில் இரண்டு பிழைகள் இருந்தன. கோட்டு இரண்டாவது பிழைதான், முதல் பிழை பனியன். பருத்தியை நம்பியே வளர்ந்தவர்கள் நாம். வெயிலில் அதற்கு இணையான துணி இல்லை என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். வெயிலில் எந்தக் குணத்துக்காக அதைக் கொண்டாடுகிறோமோ, அதே குணம்தான் குளிரில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. பருத்தி இழை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் காயும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஈரத்துணி உடலோடு ஒட்டியிருக்கும்வரை அதற்கு மேல் எதைப் போர்த்தினாலும் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கம்பளி இழையோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. பாலியெஸ்டர் ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும்; ஆனால் ஒரே நாளில் வாடை பிடித்துக்கொள்ளும். மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் கம்பளியை இரண்டு மூன்று நாட்கள் அணிந்தாலும் அந்தத் தொல்லை பெரிதாக இராது. ஆகவே உங்கள் பணத்தில் முதல் பங்கை, கண்ணுக்கே தெரியாத உள்ளாடைக்குச் செலவிடுங்கள்: மெல்லிய மெரினோ பனியன்கள் இரண்டு, அதே துணியிலோ பாலியெஸ்டரிலோ தெர்மல் கால்சட்டை (கால்சட்டைக்கு உள்ளே உடலோடு ஒட்டி அணிவது) ஒன்று. கம்பளி குத்தும் என்று அஞ்ச வேண்டாம். குத்துவது தடித்த இழைக் கம்பளிதான், மெரினோ இழை மிக நுண்ணியது.

எந்த ஆடையும் தானாகச் சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது உடம்பு. ஆடை செய்வதெல்லாம் அந்தச் சூட்டைச் சுமக்கும் காற்றை அசையாமல் பிடித்துவைப்பதுதான். இதை ஒருமுறை புரிந்துகொண்டால், ஒரு கனத்த ஆடையைவிட மூன்று மெல்லிய ஆடைகள் ஏன் மேலானவை என்பது விளங்கிவிடும்: அவற்றுக்கு நடுவிலும் காற்று நிற்கிறது, வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளவும் முடிகிறது. உள்ளாடை வியர்வையை வெளியேற்றட்டும், நடுவாடை சூட்டைக் காக்கட்டும், மேலாடை காற்றையும் மழையையும் தடுக்கட்டும். நடுவில் அணிய ஃப்ளீஸ் ஒன்றும், அலுவலகத்துக்குப் பொருந்தும் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றும் போதும். ஃப்ளீஸ் 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலையில் உருவான பாலியெஸ்டர் துணி. எடை குறைவு, நனைந்தாலும் உதறிப் போட்டால் விரைவில் காய்ந்துவிடும். ஆனால் காற்று அதை எளிதில் ஊடுருவும் என்பதால் காற்று வீசும் நாளில் அதை மட்டும் அணிந்து வெளியே போகாதீர்கள்.

மேலாடை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தரும் இடம் அதுவே. "நீர் எதிர்ப்பு" என்று அட்டையில் போட்டிருந்தால், துணியின் மேல் ஒரு பூச்சு உண்டு, சிறு தூறலைச் சிறிது நேரம் தாங்கும் என்று மட்டுமே பொருள். என் கோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மழையைத் தாங்கும் என்று நான் படித்துக்கொண்டேன், விற்றவரும் திருத்தவில்லை. உங்களுக்கு வேண்டியது "நீர்புகா" வகை. துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்று சோதித்து, அந்த எண்ணை அட்டையில் போடுவார்கள். அன்றாட மழைக்கு 10,000 இருந்தால் தாராளம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஜாக்கெட்டின் உட்புறத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலையும் பாருங்கள். தையலின் மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி போன துளை ஒவ்வொன்றின் வழியாகவும் நீர் இறங்கும். நீர்புகாத் துணியிலும் வியர்வையின் ஆவி வெளியேற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். 1969இல் அமெரிக்க வேதிப் பொறியாளர் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து, நீர்த்துளி நுழைய முடியாத, ஆவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் கொண்ட படலமாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் கோர்டெக்ஸ். இன்று அதே வேலையைச் செய்யும் மலிவான படலங்களும் உண்டு, எனவே பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஸ்வெட்டரை அணிந்துகொண்டு பாருங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் ஓர் அளவு பெரியதை எடுங்கள். சட்டைக்கு மேல் கச்சிதமாக நின்ற ஜாக்கெட்டை ஆசையாக வாங்கிய என் நண்பர், குளிர் ஏறிய மாதத்தில் ஸ்வெட்டருக்கு மேல் ஜிப்பைப் பூட்ட முடியாமல் இன்னொன்று வாங்க நேர்ந்தது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது நீரை உருட்டிவிடும் பூச்சைக் கெடுக்கும்.

மற்றவை அதிகம் சிந்திக்க வேண்டியவை அல்ல. கருநீலம், சாம்பல் போன்ற இரண்டு நிறங்களில் மூன்று கால்சட்டைகளும், அவை எல்லாவற்றோடும் சேரக்கூடிய நான்கு மேல்சட்டைகளும் இருந்தால் பன்னிரண்டு இணைகள் கிடைக்கும். அலுவலகத்துக்கும் விருந்துக்கும் அவையே போதும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மழை நாளில் நினைவில் வையுங்கள். சேலை கட்டி வெளியே போக விரும்பும் பெண்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை: என் அக்கா உள்ளே தெர்மல் கால்சட்டையும், ரவிக்கைக்குப் பதிலாக முழுக்கை மெரினோவும் அணிந்து, குளிர்காலம் முழுவதும் சேலையில்தான் போய் வருகிறார், அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. காலுக்குக் கம்பளி கலந்த சாக்ஸ் ஒன்று போதும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் காற்று நிற்க இடமில்லாமல் விரல்கள் இன்னும் சில்லிடும். உடம்பின் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்று பலரும் சொல்வார்கள்; உண்மையில் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். இருந்தாலும் காதும் கழுத்தும் குளிரை உடனே உணர்வதால், குல்லாவும் மஃப்ளரும் ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும்.

காலையில் வானிலையைப் பார்க்கும்போது அன்றைய உச்ச வெப்பநிலையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நீங்கள் வெளியே இருக்கும் மணிகளில் மழை உண்டா, காற்றோடு சேர்த்து எத்தனை டிகிரியாக உடம்புக்குத் தெரியும் என்ற இரண்டையும் பாருங்கள். வீட்டை விட்டு இறங்கிய முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் ஓர் ஆடை கூடுதல் என்று பொருள், நடக்கத் தொடங்கியதும் வியர்க்கும். வியர்த்த பிறகு ஜிப்பைத் திறப்பதால் பெரிய பயனில்லை, வியர்ப்பதற்கு முன்பே திறந்துவிடுங்கள்.

புறப்படும் முன் ஊரிலேயே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். உள்ளாடையும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவந்தால் போதும். இரண்டு வாரம் இருந்து, மழை எந்தத் திசையிலிருந்து சாய்ந்து அடிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கண்டபின் மேலாடையை வாங்குங்கள். அந்த இறகுக் கோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே போன, மழையில்லாத நாட்களில் அதை எடுக்கிறேன். அத்தகைய நாட்களில் அதைவிட நல்ல ஆடை கிடையாது. எந்த நாளானாலும், காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் பையில் உலர்ந்த மெரினோ பனியன் ஒன்றை மடித்து, வேலைக்குக் கொண்டுபோகும் பையின் அடியில் வைத்திருக்கிறேன்.