‘ஹெல்மெட் போட்டிருந்தானா?’: பைக் விபத்துகளைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

பந்தலுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா?” கேட்டது பையனின் அப்பாவிடம். உடல் இன்னும் மார்ச்சுவரியிலிருந்து வந்து சேரவில்லை. அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய், சரியாகவே அடுக்கியிருந்த தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டவர் கெட்டவர் அல்ல. அவருடைய மகனும் தினமும் நாற்பது கிலோமீட்டர் பைக்கில் போய் வருகிறவன். ‘போடவில்லை’ என்று ஒரு சொல் கிடைத்திருந்தால், ‘என் பையன் போடுகிறான்’ என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பார். சாவு வீட்டில் நாம் கேட்கிற கேள்விகளில் பாதி இப்படி நம் பயத்தைத் தணித்துக்கொள்ளக் கேட்பவை. அவற்றிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105.

நாம் செய்கிற பெரிய தவறு, விவரம் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது. “வேகமாகப் போயிருப்பான்”, “அந்த வயசு அப்படி”. அரசின் கணக்கிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட விபத்துகள் ‘அதிவேகம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய் விழுகின்றன. வேகம் காரணமில்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுதியதும், வளைவில் கொட்டிக் கிடந்த எம்-சாண்ட், எரியாத தெருவிளக்கு, சாலையோரம் பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரி எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. நாளை அதே வளைவில் மெதுவாகப் போகிறவரும் விழுவார்.

விவரம் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், வழிவிட வேண்டிய அந்த ஓட்டுநர் வழிவிடவில்லை. பைக் வந்ததையே கவனிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் சொன்னது. ஆபத்தைக் கண்டதற்கும் மோதியதற்கும் இடையே பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பலர் பின்பிரேக்கை அழுத்தி மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள். முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை.

நம் ஊரில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாமாவோ சித்தப்பாவோ முதல் நாளே சொல்வது என்ன? “முன்பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும்.” திடீரென்று பிடித்தால் அடிக்கும்தான். படிப்படியாக அழுத்தினால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடியில் 33 மீட்டர் கடந்துவிடுவோம். காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகியவருக்கு மட்டுமே அந்த 33 மீட்டர் கைகொடுக்கும். இந்தப் பாடத்துக்கு இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டியதே இல்லை.

அடுத்தது படம். எனக்கு இதில் பொறுமை கிடையாது. சாலையில் கிடப்பவரைப் படம் எடுத்து, ‘பார்த்து ஓட்டுங்கள் நண்பர்களே’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவது விழிப்புணர்வு ஆகாது. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருவதற்கு முன்னால், வண்டி எண்ணும் சட்டையும் தெரிகிற படம் தங்கையின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவளுக்கு அண்ணனின் கடைசி முகம் இனி அதுதான். சிசிடிவி காட்சிக்கும் இது பொருந்தும். அதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தால் வாயால் சொல்லிவிடலாம்: ‘இடப்பக்கமாக லாரியை முந்தினார், லாரி இடப்பக்கம் திரும்பியது.’ முழுப் பாடமும் அதற்குள் அடங்கிவிட்டது.

அந்த இடத்தில் கைப்பேசியின் வேலை 108ஐ அழைப்பது. மூச்சுத் தடையில்லாமல் வருகிறது என்றால் ஹெல்மெட்டை உருவக்கூடாது. கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் நிலைமை மோசமாகும். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம். உதவியவருக்குப் பாதுகாப்பு தரும் 134ஏ பிரிவு 2019 திருத்தத்தின்போதே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘விதி முடிந்தது’, ‘போனவனைப் பற்றி இனி என்ன பேச்சு’ என்று கதவைச் சாத்திவிடுவது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் மணலைக் கொட்டியவருக்கும், விளக்கு மாற்றாதவருக்கும், அடுத்த வாரம் அதே சாலையில் வரப்போகிற நமக்கும் இது வசதியான பேச்சு. இறந்தவரைப் பற்றிப் பேசாமல் விபத்தைப் பற்றிப் பேச முடியும்: என்ன நேரம், என்ன வெளிச்சம், எந்தப் பக்கம் யார் திரும்பினார், சாலை எப்படி இருந்தது. ஆளின் பெயர், சாதி, குடிப்பழக்கம் உண்டா, யாரைப் பார்க்கப் போனான் என்பதெல்லாம் இதில் சேராது.

குடும்பத்திடம் எப்போது கேட்பது? என் அனுபவத்தில், கேட்கவே வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவர்களே சொல்வார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் வாயே திறக்காத அந்த அப்பா, ஏழெட்டு மாதம் கழித்து வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தார். முன்னால் போன வேன் இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் பெட்ரோல் பங்குக்குள் திரும்பியிருக்கிறது. “ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான் தம்பி. கிளிப் மாட்டவில்லை. அது கருவேல மரத்தடியில் கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.” இதைப் பெயரில்லாமல், ஊரில்லாமல் நாலு பேருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு என்றார்.

பந்தலில் கேட்ட கேள்விக்கு ‘ஆமாம்’ என்று அவர் பதில் சொல்லியிருந்தால், ‘அப்படியும் போய்விட்டானே’ என்று ஒரு பெருமூச்சோடு பேச்சு முடிந்திருக்கும். உண்மையான பாடம் அந்தக் கிளிப்பில் இருந்தது. வார் மாட்டாத ஹெல்மெட் முதல் இடியிலேயே கழன்று பறந்துவிடுகிறது. தலை தரையில் மோதும்போது அது இல்லை. தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். மாட்டியபின் பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. உள்ளே இருக்கிற தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒரு அடியைத்தான் தாங்கும். நசுங்கிய இடம் திரும்ப எழும்பாது. எனவே ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே பளபளவென்று இருந்தாலும், தம்பிக்குக் கொடுக்காதீர்கள். வாங்கும்போது ஐஎஸ் 4151 முத்திரையைப் பாருங்கள்.

போட்டிருந்தானா, இல்லையா என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இழப்பீட்டு வழக்கில், இறந்தவரின் கவனக்குறைவும் இதில் சேர்ந்திருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனத் தரப்பு வாதிடும். தொகையைக் குறைக்கச் சொல்லும். விஷயம் தெரியாமல் ஊர்க் குழுவில் ‘அவன் மேல்தான் தப்பு’ என்று எழுதுகிறவர், அந்த வீட்டின் மேல் இன்னொரு சுமையை ஏற்றிவைக்கிறார்.

அந்த வீட்டாரிடம் எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், சில நாள் போனபின் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறதா? பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்கியாயிற்றா? இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறதே, வக்கீலைப் பார்த்தீர்களா? பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கூடவே காவல் நிலையத்துக்குப் போய்வாருங்கள்.