ரத்த ஓட்டம் கூடும்போது தமனி விரிகிறதா என அளக்கும் முறை

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள், தம்மீது உரசிச் செல்லும் ரத்தத்தின் இழுவிசையை உணர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிட, சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரிகிறது. பயிற்சி பெற்றவர்கள் இத்திறனை மேற்கைத் தமனியில் அல்ட்ராசவுண்ட் கொண்டு அளக்கலாம்.

சோதனைக்கு உட்படுபவர் காபி, புகை இரண்டையும் தவிர்த்து வெறும் வயிற்றில் வர வேண்டும். அமைதியான அறையில் 10 நிமிடமாவது மல்லாந்து படுத்திருந்த பின், முழங்கைக்குச் சற்று மேலே தமனியை நீளவாக்கில் படமெடுத்து, அதன் விட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முன்கையில் கட்டிய, காற்றடைக்கும் பட்டையின் அழுத்தத்தை, சிஸ்டாலிக் அழுத்தத்தைவிட (இதயம் சுருங்கும்போது ரத்தக்குழாயில் இருக்கும் உச்ச அழுத்தம்) குறைந்தது 50 மி.மீ. பாதரசம் அதிகமாக உயர்த்தி, 5 நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பட்டையைத் தளர்த்தியதும், ஆக்சிஜன் கிடைக்காமல் தவித்த முன்கைச் சிறுகுழாய்கள் அகலத் திறந்திருப்பதால், மேற்கைத் தமனி வழியே ரத்தம் விரைந்து பாய்கிறது. அந்த வேகமே எண்டோதீலியத்தைத் தூண்டுகிறது. ஓட்டத்தின் வேகம் முதல் சில நொடிகளிலேயே உச்சத்தைத் தொட்டாலும், விரிவு பெரும்பாலும் ஒரு நிமிடத்தையொட்டியே உச்சமடையும் என்பதால், 3 நிமிடம் வரை இடைவிடாமல் பதிவு செய்வதே முறை.

உச்ச விட்டத்திலிருந்து தொடக்க விட்டத்தைக் கழித்து, அதைத் தொடக்க விட்டத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். 4.0 மி.மீ. தமனி 4.3 மி.மீ. ஆனால், விரிவு 7.5 சதவீதம். இங்கே 0.1 மி.மீ. பிழையே முடிவை 2.5 சதவீதப் புள்ளிகள் மாற்றிவிடும். எனவே அல்ட்ராசவுண்ட் கருவியின் ஆய்வுமுனையைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துவதை வற்புறுத்திச் சொல்கிறேன்.