கெரட்டோகோனஸ்: கிராஸ்லிங்கிங்குக்குத் தயாராவது எப்படி

கெரட்டோகோனஸ் என்பது கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம், மெலிந்து கூம்பாகிற நோய். எனக்கு வலது கண்ணில் கார்னியாவை மருந்தாலும் ஒளியாலும் கெட்டிப்படுத்தும் கிராஸ்லிங்கிங், இடது கண்ணில் கார்னியா மாற்று சிகிச்சை, இரண்டும் நடந்திருக்கின்றன. கெரட்டோகோனஸ் என்று தெரிந்து பதறுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கிராஸ்லிங்கிங் போன பார்வையை மீட்பதற்கல்ல. கார்னியா மேலும் மெலிந்து கூம்பாவதை நிறுத்துவதற்கு. நோய் முற்றுகிறது என்று டாக்டர் சொன்னால், ‘கண்ணாடி போட்டால் நன்றாகத்தானே தெரிகிறது’ என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பார்வையைக் காப்பாற்றத்தான் இந்தச் சிகிச்சையே.

கண்ணைக் கசக்குவதை இன்றைக்கே விடுங்கள். அரித்தால் அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கேளுங்கள்.

கார்னியாவை அளக்கும் ஸ்கேனுக்குப் போகுமுன் காண்டாக்ட் லென்ஸை எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டு, அப்படியே செய்யுங்கள். லென்ஸ் கார்னியாவின் வடிவத்தையே மாற்றிவிடும், அளவு தப்பாக வரும். ரிப்போர்ட்டில் மிக மெல்லிய இடத்தின் தடிமனைப் பாருங்கள். சாதாரணமாக நடுக் கார்னியா சுமார் 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). வழக்கமான கிராஸ்லிங்கிங்கில் கார்னியாவின் மேல்தோலை எடுத்துவிட்டுப் புற ஊதா ஒளி காட்டுவார்கள், அதற்கு மேல்தோலை எடுத்த பிறகும் 400 மைக்ரானாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் புற ஊதா ஒளி உள்பக்க செல்களைப் பாதிக்கலாம். பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முற்றுகிறதா என்று சொல்வார்கள்.

அன்றைக்குக் கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, மேல்தோலை எடுத்து, ரைபோஃப்ளேவின் என்ற மஞ்சள் மருந்தை விட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் புற ஊதா ஒளி. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உருவான மூல முறையில் சொட்டுக்கு 30 நிமிடம், ஒளிக்கு 30 நிமிடம். இப்போது ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைத்தும் செய்கிறார்கள்.

செய்யும்போது வலியில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இருக்கிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரியும், கண்ணீர் நிற்காது. எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை எரிச்சல் தொடங்குமுன் எப்போது போடலாம் என்று கிளம்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். சொட்டு மருந்து விட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். எனக்கு அம்மா, நேரத்தைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மேல்தோல் வளரும்வரை, அதாவது சில நாள், கண்ணை மூடிக் காக்கும் பேண்டேஜ் லென்ஸ் இருக்கும். அது விழுந்துவிட்டால் எடுத்து மறுபடி போடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள். கண்ணுக்குள் குழாய்த் தண்ணீர் போகக் கூடாது. நாளாக ஆக வலி குறையாமல் கூடினாலோ, சீழ் வந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ உடனே ஓடுங்கள்.

முதல் சில வாரம் பார்வை மங்கலாக இருக்கும். பயப்படாதீர்கள்.

என் இடது கண்ணின் கார்னியாவில் தழும்பு விழுந்துவிட்டதால் அதற்குக் கிராஸ்லிங்கிங் வழி இல்லை. டால்க் (DALK) என்ற மாற்று சிகிச்சை முறையில் கார்னியாவின் உள் அடுக்கை மட்டும் விட்டுவிட்டு மீதியை மாற்றினார்கள். உள் செல்கள் நம்முடையவையாகவே இருப்பதால், அந்த அடுக்கை உடல் நிராகரிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் தையலோடு பல மாதம் போகும், பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம்.

இது குடும்பத்திலும் வரக்கூடியது. பவர் அடிக்கடி மாறுகிற தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.